ஐம்பதாவது நிமிடம்

ஆய்வகக் குடுவைக்குள் திரவம் கலங்கலாக இருக்கிறது. ஒரு மில்லிலிட்டருக்குப் பத்துக் கோடிக்கும் மேல் ஈ.கோலை பாக்டீரியாக்கள். ஒவ்வொன்றின் டி.என்.ஏவுக்குள்ளும் லாம்டா என்னும் வைரஸின் மரபணுத் தொகுதி செருகிக்கொண்டு சும்மா கிடக்கிறது. அதை அடக்கி வைத்திருப்பது ஒரு காவல் புரதம். ஆய்வாளர்கள் இதற்கென்று தேர்ந்தெடுத்திருக்கும் வகையில் அந்தப் புரதம் சூடு தாங்காது. குடுவையை 42 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்தால் அது செயலிழந்துவிடும். அடங்கிக் கிடந்த வைரஸ் எழுந்து தன் வேலையைத் தொடங்கும்.

பிறகு 37 டிகிரிக்கு மாற்றிக் குலுக்கிக்கொண்டே காத்திருக்க வேண்டியதுதான். பத்து நிமிடம், இருபது நிமிடம், நாற்பது நிமிடம் ஆகியும் கலங்கல் குறைவதில்லை. பாக்டீரியாக்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது சற்றுக் கூடவே செய்கிறது. ஐம்பதாவது நிமிடத்தை ஒட்டித் திரவம் தெளியத் தொடங்குகிறது. இன்னும் சில நிமிடங்களில் குடுவைக்கு அந்தப்பக்கம் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. கோடிக்கணக்கான செல்கள் ஏறக்குறைய ஒன்றாகவே உடைந்து, ஒவ்வொன்றிலிருந்தும் சுமார் நூறு புதிய வைரஸ்கள் வெளியேறியிருக்கின்றன.

முதல் வைரஸ்கள் முப்பதாவது நிமிடத்தை ஒட்டியே செல்லுக்குள் தயாராகிவிடுகின்றன. அப்புறமும் ஏன் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும்? மூளையோ நரம்போ இல்லாத, தனியாக வைத்தால் உயிருள்ளது என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு பொருள், கோடிக்கணக்கான செல்களில் எப்படி ஒரே நேரத்தைக் கணக்கிட்டது? பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள், அதாவது ஃபேஜ்கள், தம் இருப்பிடத்தை உடைத்து வெளிவரும் முறையைப் பற்றி அறுபது எழுபது ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகளில் மிக அழகான பகுதி இந்தக் கேள்விக்கான விடைதான்.

ஃபேஜ்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1915இல் லண்டனில் ஃபிரடெரிக் ட்வோர்ட், பாக்டீரியாக் கூட்டங்கள் கண்ணாடிபோலத் தெளிந்து அழிவதைக் கண்டார். 1917இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் டெரல் அதைத் தனியே கண்டறிந்து, இது பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் என்று அறிவித்தார். பூமியில் ஃபேஜ்களின் எண்ணிக்கை 1-ஐத் தொடர்ந்து 31 பூஜ்யங்கள் போடும் அளவுக்கு இருக்கும் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. கடலில் வாழும் நுண்ணுயிர்த் திரளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை வைரஸ்கள் ஒவ்வொரு நாளும் அழிக்கின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படி உடைந்த செல்களிலிருந்து கொட்டும் சத்து மீண்டும் கடல்நீரில் கலந்து, அடுத்த தலைமுறை பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. குடுவைக்குள் நாம் பார்த்தது, கடல் முழுவதும் இடைவிடாமல் நடந்துகொண்டிருப்பதன் ஒரு துளி.

செல் எப்படி உடைகிறது என்று கேட்டால் முதலில் தோன்றும் விடை, உள்ளே வைரஸ்கள் பெருகிப் பெருகி இடம் போதாமல் வெடிக்கிறது என்பது. பாடப்புத்தகப் படங்களும் அந்த எண்ணத்தைத்தான் தருகின்றன. அது உண்மையன்று. லாம்டாவில் எஸ் என்றொரு மரபணு உண்டு. அதை மட்டும் கெடுத்துவிட்டால், ஐம்பதாவது நிமிடம் வந்து போகும், செல் உடையாது. வைரஸ் உற்பத்தியும் நிற்காது. நூறு என்பது பல நூறாகும். செல் அத்தனையையும் சுமந்துகொண்டு முழுதாகவே இருக்கும். ஆய்வாளர் ஒரு சொட்டு குளோரோஃபார்ம் விட்டால்தான் உடையும். ஆகவே கூட்டம் சுவரை உடைப்பதில்லை. உடைப்பதற்கென்று தனியாகக் கருவிகள் செய்து வைத்திருக்கிறது வைரஸ்.

எதை உடைக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் கருவிகளின் தேவை புரியும். ஈ.கோலையைச் சுற்றி மூன்று அடுக்குகள் இருக்கின்றன. உள்ளே ஒரு சவ்வு, வெளியே ஒரு சவ்வு, இரண்டுக்கும் நடுவில் பெப்டிடோகிளைக்கன் என்னும் சுவர். சர்க்கரை மூலக்கூறுகள் நீண்ட இழைகளாகச் செல்லைச் சுற்றி ஓட, குட்டைப் புரதத் துண்டுகள் இழையோடு இழையைக் குறுக்கே பிணைக்கின்றன. செல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எல்லாம் வேதிப்பிணைப்பால் தொடர்ந்திருப்பதால், சுவர் முழுவதுமே ஒற்றை மூலக்கூறு என்று சொல்லலாம். செல்லுக்குள் உப்புகளும் புரதங்களும் செறிந்திருப்பதால் வெளியிலிருக்கும் நீர் உள்ளே புகத் துடிக்கிறது. உள்ளே எப்போதும் அழுத்தம். அந்த அழுத்தத்தைத் தாங்கிச் செல்லுக்கு அதன் குச்சி வடிவத்தைக் கொடுப்பது இந்தச் சுவர்தான். சுவர் போனால் வடிவம் போகும்.

சுவரைக் கரைக்கும் நொதி ஃபேஜிடம் இருக்கிறது. எண்டோலைசின் என்று பெயர். டி4 என்னும் ஃபேஜின் எண்டோலைசின், நம் கண்ணீரில் இருக்கும் லைசோசைம் செய்யும் அதே வேலையைச் செய்கிறது. சர்க்கரை இழையை வெட்டுகிறது. (இந்த டி4 லைசோசைமைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதலாம். ஆரெகன் பல்கலைக்கழகத்தில் பிரையன் மேத்யூஸ் 1974இல் இதன் வடிவத்தை வெளியிட்டு, பின்னர் ஒவ்வொரு அமினோ அமிலமாக மாற்றி நூற்றுக்கணக்கான வடிவங்களைச் செய்து பார்த்தார். ஒரு புரதம் எதனால் உறுதியாக நிற்கிறது என்பதைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. நம் உடலில் அட்ரினலினை உணரும் ஏற்பியின் வடிவத்தை பிரையன் கோபில்கா 2007இல் படிகமாக்கிக் கண்டபோது, அடங்காமல் ஆடும் அந்த ஏற்பியை நிலைப்படுத்த அதோடு ஒட்டிவைத்ததும் டி4 லைசோசைம்தான்.)

லாம்டாவின் எண்டோலைசின் செல்லுக்குள் முன்கூட்டியே தயாராகிச் சேர்ந்துகொண்டே போகிறது. முழுமையாக மடிந்து, எந்தக் கணமும் வெட்டத் தயாரான நிலையில் நிற்கிறது. ஆனால் அது இருக்கும் இடம் உட்சவ்வுக்கு உள்பக்கம். சுவரோ உட்சவ்வுக்கு வெளியே. இடையில் இருக்கும் சவ்வின் தடிமன் சில நானோமீட்டர்தான். அதைக் கடக்க எண்டோலைசினுக்கு எந்த வழியும் இல்லை. கொல்லும் பொருளைச் செய்து, அதைக் கொல்ல வேண்டிய பொருளிலிருந்து மயிரிழை தூரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது ஃபேஜ். சவ்வைத் திறப்பது யாரோ, நேரத்தைத் தீர்மானிப்பதும் அவர்தான்.

திறப்பது எஸ் மரபணு செய்யும் ஹோலின் என்னும் சிறு புரதம். லாம்டாவின் ஹோலினுக்கு 105 அமினோ அமிலங்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ரை யங் என்பவரும் அவருடைய மாணவர்களும் பல பத்தாண்டுகளாக இந்த ஒரு புரதத்தின் பின்னால் சென்றிருக்கிறார்கள். ஃபேஜ்கள் செல்லை உடைக்கும் விதம் பற்றி இன்று நாம் பேசுவதில் பெரும்பகுதி அவர்கள் கண்டது.

ஹோலின் தயாராகத் தயாராக உட்சவ்வில் போய்ப் பதிகிறது. ஆயிரக்கணக்கில் சேர்கிறது. சவ்வில் சிறிதளவு ஓட்டை விழுந்தாலும் பாக்டீரியாவின் ஆற்றல் உற்பத்தி பாதிக்கப்படும். ஏனெனில் சவ்வுக்கு உள்ளும் புறமும் நிலவும் மின்னழுத்த வேறுபாடுதான் அதன் ஆற்றலுக்கு ஆதாரம். அப்படியானால் ஹோலின் சேரச் சேர செல் மெல்ல மெல்ல நலிய வேண்டுமல்லவா? இதைச் சோதிக்க 2001இல் ஆஞ்ஜெலிகா க்ரூண்ட்லிங், மைக்கேல் மேன்சன், யங் மூவரும் ஓர் அருமையான வழியைக் கையாண்டார்கள். ஈ.கோலை நீந்துவதற்குச் சுழற்றும் இழை ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டவைத்தார்கள். இழை ஒட்டிக்கொண்டதால், அதைச் சுழற்றும் மோட்டார் இப்போது பாக்டீரியாவின் உடலையே சுழற்றுகிறது. மோட்டார் ஓடுவது சவ்வின் மின்னழுத்தத்தால். மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் சுற்றும் வேகம் குறையும். ஆக, நுண்ணோக்கியில் தெரியும் அந்தச் சுழற்சியே செல்லின் உடல்நிலையைச் சொல்லும் அளவுகோல்.

ஹோலின் நிறைந்துகொண்டிருந்த நேரமெல்லாம் பாக்டீரியா அதே வேகத்தில் சுற்றியது. கடைசி நிமிடம் வரை சோர்வின் அறிகுறியே இல்லை. பிறகு சட்டென்று நின்றது. ஹோலின்கள் எச்சரிக்கை தராமல் கொல்கின்றன என்பதையே தங்கள் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார்கள். ஃபேஜின் பார்வையில் இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு இருக்க முடியாது. உடையும் கணம் வரை செல் முழு வலுவோடு உழைக்கிறது; ஒவ்வொரு நிமிடமும் புதிய வைரஸ்கள் சேர்கின்றன. நலிந்த செல்லில் வீணாகும் நேரம் என்று ஒன்று இல்லவே இல்லை.

மின்னழுத்தம் குறையாமல் ஆயிரக்கணக்கான ஹோலின்கள் சவ்வில் எப்படி இருக்க முடிகிறது? அவை தனித்தனியாகவும் சிறு சிறு சேர்க்கைகளாகவும் சவ்வெங்கும் பரவி அலைகின்றன. அந்த நிலையில் அவற்றால் தீங்கில்லை. எண்ணிக்கை ஒரு வரம்பை எட்டியதும் நிலைமை முழுதாக மாறுகிறது. அடுப்பில் வைத்த பால் வெகுநேரம் அசையாமல் இருந்துவிட்டு, நாம் முகத்தைத் திருப்பிய நொடியில் பொங்கி வழிகிறதே, அதே வகையான மாற்றம். ஹோலினோடு ஒளிரும் புரதம் ஒன்றை இணைத்துப் பார்த்தபோது, அதுவரை செல்லின் ஓரமெங்கும் சீராகத் தெரிந்த ஒளி திடீரென்று சில இடங்களில் திரண்டது. திரண்ட இடங்களில் சவ்வு கிழிகிறது.

கிழிசலின் அளவு யாரும் எதிர்பாராதது. எண்டோலைசின் நான்கைந்து நானோமீட்டர் அளவுள்ள புரதம். அது நுழைவதற்குப் பத்து நானோமீட்டர் துளை தாராளம். ஐயம் தீர்க்க 2003இல் எண்டோலைசினோடு பீட்டா-கேலக்டோசிடேஸ் என்னும் மாபெரும் நொதியை ஒட்டிப் பார்த்தார்கள். அதுவும் வெளியே போயிற்று. பின்னர் செல்களை உடையும் தறுவாயில் உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள். 2010இல் வெளியான அந்தப் படங்களில் துளைகளின் சராசரி விட்டம் 340 நானோமீட்டர். சில ஒரு மைக்ரோமீட்டரையும் தாண்டின. ஈ.கோலையின் மொத்த அகலமே ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர்தான். அதாவது செல்லுக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ துளைகள், ஒவ்வொன்றும் உயிருலகில் புரதங்கள் உண்டாக்கும் துளைகளிலேயே ஆகப் பெரியவற்றுள் சேரும்.

ஐம்பதாவது நிமிடம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இப்போது விடை கிடைத்துவிடுகிறது. ஹோலின் எந்த வேகத்தில் சேர்கிறது, எத்தனை சேர்ந்தால் திரளும் என்ற இரண்டும் சேர்ந்துதான் நேரம். இரண்டாவது, ஹோலினின் அமினோ அமில வரிசையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 52ஆம் இடத்தில் அலனின் இருக்கிறது. அங்கே அதைவிடச் சற்றே சிறியதான கிளைசினை வைத்தால் சுமார் இருபதாவது நிமிடத்திலேயே செல் உடைந்துவிடும். உள்ளே ஒரு வைரஸும் தயாராகியிருக்காது. சற்றே பெரியதான வாலினை வைத்தால் செல் உடையவே உடையாது. ஓரிரு கார்பன் அணுக்களின் வித்தியாசம்!

இது போதாதென்று எஸ் மரபணுவே தன் ஹோலினுக்கு ஒரு தடையையும் தயாரிக்கிறது. மரபணுவைப் படிக்கும் இயந்திரம் சில வேளை இரண்டு அமினோ அமிலங்கள் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. அப்போது 105க்குப் பதில் 107 அமினோ அமிலங்கள் கொண்ட வடிவம் உருவாகிறது. கூடுதலாக வந்த இரண்டில் ஒன்று நேர்மின் சுமையுள்ள லைசின். சவ்வு மின்னழுத்தத்தோடு இருக்கும்வரை அந்தச் சுமை புரதத்தின் முனையைச் சவ்வுக்குள் நுழைய விடாது. அந்த அரைகுறை வடிவம், முழு ஹோலின்களோடு இணைந்து அவற்றை முடக்குகிறது. இரண்டு ஹோலினுக்கு ஒரு தடை என்ற விகிதத்தில் இவை தயாராகின்றன. முதல் கிழிசல் விழுந்து மின்னழுத்தம் சரிந்தவுடன், லைசினைத் தடுத்து நிறுத்தியது எதுவோ அது இல்லாமல் போகிறது. முனை சவ்வுக்குள் புகுந்துவிடுகிறது. அதுவரை தடையாக இருந்த புரதமும் ஹோலினாக மாறிக் கிழிக்கும் வேலையில் சேர்ந்துகொள்கிறது.

பழைய புதிர் ஒன்றும் இதனால் விளங்கிற்று. 1940களின் இறுதியில் ஆகஸ்ட் டோர்மன், தொற்றிய செல்களுக்குள் வைரஸ்கள் எப்போது உருவாகின்றன என்று பார்க்க விரும்பினார். செல்லை நேரத்துக்கு முன்பே திறக்க அவர் பயன்படுத்திய பொருள்களில் ஒன்று சயனைடு. தொற்று முற்றிய செல் சயனைடு பட்டால் உடைகிறது. தொற்றில்லாத செல் உடைவதில்லை. சயனைடு சுவாசத்தை நிறுத்துகிறது, மின்னழுத்தம் விழுகிறது, காத்திருக்கும் ஹோலின்கள் அதைத் தங்களுக்கான அறிகுறியாகக் கொண்டு திரண்டுவிடுகின்றன. ஹோலின் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் அதன் விசையை அழுத்தக் கற்றிருந்தார் டோர்மன்.

ஐம்பது என்பது ஏன் நல்ல நேரம் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. சீக்கிரம் உடைத்தால் சில வைரஸ்களே வெளிவரும். ஆனால் அவை உடனே அடுத்த செல்களைப் பிடித்துப் பெருகத் தொடங்கலாம். தாமதித்தால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் சில வைரஸ்கள் கூடும். ஆனால் அத்தனையும் அடைபட்டுக் கிடக்கும். சுற்றிலும் இரை நிறைய இருந்தால் முந்துவது லாபம். இரை அரிதாக இருந்தால், கிடைத்த ஒரே செல்லிலிருந்து முடிந்தவரை எடுத்துக்கொள்வது லாபம். ஆல்பனியில் இங்-நாங் வாங், எஸ் மரபணுவில் மட்டும் வேறுபடும் லாம்டாக்களை உருவாக்கி, மற்ற எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துச் சோதித்துப் பார்த்தார். மிக முந்தியவையும் மிகப் பிந்தியவையும் பின்தங்கின. நடுவில் உடைப்பவையே வேகமாகப் பெருகின. இயற்கைத் தேர்வு 105 அமினோ அமிலங்களுக்குள் ஒரு பொருளாதாரக் கணக்கைப் போட்டு முடித்திருக்கிறது.

டி4 இன்னும் ஒருபடி மேலே போகிறது. அதன் கணக்கு நிலையானதல்ல. சுற்றுப்புறத்தைப் பார்த்து மாறும். வழக்கமாக அது அரைமணி நேரத்துக்குள் செல்லை உடைத்துவிடும். ஆனால் தான் குடியேறிய செல்லின் மேல் இன்னொரு டி4 வந்து இறங்கி ஊசி போட முயன்றால், உள்ளே இருக்கும் ஃபேஜ் உடைப்பதை நிறுத்தி வைக்கிறது, மணிக்கணக்கில். வெளியே வைரஸ்கள் அலைகின்றன என்றால் பிடிக்கப்படாத செல்கள் அருகில் குறைவு என்றுதானே பொருள்? அந்த நிலையில் பிள்ளைகளை வெளியே அனுப்புவதைவிட உள்ளேயே இன்னும் பெருக்குவது மேல். ஆர்ஐ என்னும் சிறு புரதம், டி4இன் ஹோலினைச் சவ்வின் வெளிப்புறத்தில் பற்றிக்கொண்டு திரள விடாமல் வைப்பதால் இது நடக்கிறது. இந்தப் பொறுமையை இழந்த டி4 வகைகளை ஆல்ஃபிரட் ஹெர்ஷி 1946இல் விவரித்தார். பொறுமையற்றவை பாக்டீரியாப் படலத்தில் பெரிய, ஓரம் தெளிந்த வட்டங்களை உண்டாக்கும் என்பதால் கண்ணாலேயே அடையாளம் காணலாம். அந்த வசதியால்தான் சீமோர் பென்சர் 1950களில் அவற்றைத் தேர்ந்து, ஒரு மரபணுவின் உட்பகுதிக்கே வரைபடம் போட்டார்.

ஹோலின் திறந்தது, எண்டோலைசின் சுவரைக் கரைத்தது. அதோடு கதை முடிந்தது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். லாம்டாவில் ஆர்இசட், ஆர்இசட்1 என்று இரண்டு மரபணுக்கள் கூடவே இருந்தன. அவற்றை நீக்கினாலும் குடுவை தெளிந்துவிட்டது. ஆகவே அவை பெரிதாகத் தேவையில்லை என்று ஒதுக்கப்பட்டன. 2012இல் குலுக்காத செல்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது வேறொரு காட்சி தெரிந்தது. அந்த இரண்டும் இல்லாத செல், சுவர் கரைந்ததும் குச்சி வடிவம் இழந்து உருண்டையானது. அப்படியே நின்றது. வெளிச்சவ்வு அதை இன்னும் பொத்தி வைத்திருந்தது. வைரஸ்கள் உள்ளேயே சிறைப்பட்டிருந்தன. அதுவரை அத்தகைய உருண்டைகளை உடைத்துவந்தது ஆய்வகத்தின் குலுக்கும் இயந்திரம்! மண்ணிலும் குடலிலும் குடுவையைக் குலுக்குபவர் யாருமில்லை.

ஸ்பானின் என்று இன்று அழைக்கப்படும் அந்த இரண்டு புரதங்களில் ஒன்று உட்சவ்விலும் மற்றது வெளிச்சவ்விலும் ஊன்றி, நடுவில் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. சுவரின் வலைக்கண்களுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும்வரை அவற்றால் நகர முடியாது. சுவர் கரைந்ததும் விடுபட்டுத் திரண்டு, மடங்கி, இரண்டு சவ்வுகளையும் இழுத்து ஒன்றாக இணைத்துவிடுகின்றன. வெளிச்சவ்வு அங்கே திறக்கிறது, செல் வெடிக்கிறது. மூன்று அடுக்குக்கும் ஆளுக்கொரு கருவி. ஒன்றின் வேலை முடியாமல் அடுத்ததால் தொடங்க முடியாது. முதல் கருவிக்கு மட்டும்தான் நேரம் தெரியும். மற்றவை அதன் பின்னால் வரிசையாக விழுகின்றன.

ஸ்பானின் மரபணுக்கள் எழுதப்பட்டிருக்கும் விதம் எனக்கு இன்றும் மலைப்பைத் தருகிறது. ஆர்இசட்1க்கென்று தனி இடமே இல்லை. அது முழுக்க ஆர்இசட்டுக்குள்ளேயே இருக்கிறது. டி.என்.ஏ எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்க வேண்டும். ஓர் எழுத்து தள்ளித் தொடங்கினால் அதே வரிசை வேறு மும்மைகளாகப் பிரிந்து வேறு புரதத்தைத் தரும். உட்சவ்வுப் புரதத்தையும் அதற்கு இணையான வெளிச்சவ்வுப் புரதத்தையும் ஒரே எழுத்து வரிசையில் இரண்டு தடவை படித்து எடுத்துக்கொள்கிறது லாம்டா.

எல்லா ஃபேஜும் லாம்டாவின் வழியில் போவதில்லை. 21 என்ற எண்ணால் அறியப்படும் ஃபேஜின் ஹோலின் போடுவது சில நானோமீட்டர் அளவுள்ள ஊசித்துளைகள் மட்டுமே. அவற்றின் வழியே எண்டோலைசின் போக முடியாது. போக வேண்டிய தேவையும் இல்லை. அதன் எண்டோலைசின் முன்பே சவ்வைக் கடந்து, ஆனால் வால் சவ்வில் மாட்டிய நிலையில், செயலற்றுக் காத்திருக்கிறது. மின்னழுத்தம் சரிந்ததும் வால் விடுபட, புரதம் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு வெட்டத் தொடங்குகிறது. காசநோய்க் கிருமியின் குடும்பத்தைத் தாக்கும் ஃபேஜ்களுக்கு வேறொரு தொல்லை. அந்தப் பாக்டீரியாக்களைச் சுற்றி மைகாலிக் அமிலம் என்னும் மெழுகுப் படலம் தடிமனாக இருக்கிறது. மருந்துகள் பலவற்றை அண்டவிடாததும் அதுதான். அதை அடியிலிருந்து அறுத்துவிட லைஸ்-பி என்ற தனி நொதியை அந்த ஃபேஜ்கள் வைத்திருக்கின்றன.

இந்தக் கருவிகளை மனிதர் மருந்தாக்க நினைத்தது இயல்பு. 1922இல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் லைசோசைமைக் கண்டறிந்தபோதே அந்த ஆசை தொடங்கிவிட்டது. நோய் தரும் பல கிருமிகளிடம் அது பலிக்கவில்லை. 2001இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் ஃபிஷெட்டியின் குழு, தொண்டைப்புண் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸைத் தாக்கும் ஃபேஜிலிருந்து எண்டோலைசினைப் பிரித்தெடுத்து வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தது. 10 நானோகிராம் நொதி, ஒரு கோடி பாக்டீரியாக்களை 5 நொடிகளில் கொன்றது. ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு வெளிச்சவ்வு கிடையாது என்பதால் நொதியால் நேரே சுவரைத் தொட முடிந்தது. பெங்களூரின் கங்காஜென் நிறுவனம், ஒரு ஃபேஜின் வாலிலுள்ள சுவர்க்கரைப்புப் பகுதியை எடுத்து, ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு எதிராக பி128 என்ற புரதத்தை வடிவமைத்தது. பாதை எளிதாக இல்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் இரத்தத்தில் பரவிய நோயாளிகளிடம் சோதிக்கப்பட்ட எக்செபகேஸ் என்னும் எண்டோலைசின், மூன்றாம் கட்டச் சோதனையில் போதிய பயன் காட்டாததால் 2022இல் நிறுத்தப்பட்டது. ஈ.கோலை போன்ற, வெளிச்சவ்வு உள்ள கிருமிகளிடம் எண்டோலைசினை உள்ளே சேர்ப்பதே தனிப் பெரும்பாடு. நுண்ணுயிர்க்கொல்லிகளுக்குப் பணியாத கிருமிகள் பெருகிவரும் காலத்தில், இந்தத் தோல்விகளுக்காக இத்துறையைக் கைவிடுவது பெரும் தவறாகும் என்பது என் உறுதியான கருத்து.

இதுவரை பார்த்தவை எல்லாம் இடவசதியுள்ள ஃபேஜ்கள். சிலவற்றுக்கு ஹோலின், எண்டோலைசின், ஸ்பானின் என்று வைத்துக்கொள்ள மரபணுத் தொகுதியில் இடமே கிடையாது. ஃபை-எக்ஸ் 174இன் மொத்த டி.என்.ஏ 5,386 எழுத்துகள். அது செல்லை உடைக்க ஒரே ஒரு புரதத்தை வைத்திருக்கிறது: 91 அமினோ அமிலங்கள் கொண்ட ஈ புரதம். அந்த மரபணுவும் இன்னொரு மரபணுவுக்குள் ஒளிந்திருக்கிறது. ஈ எதையும் வெட்டுவதில்லை, துளைப்பதுமில்லை. 2000ஆம் ஆண்டில் யங்கின் ஆய்வகத்தில் தாமஸ் பெர்ன்ஹார்ட்டும் சகாக்களும் அதன் வழியைக் கண்டார்கள்: சுவரின் மூலப்பொருளைச் சவ்வில் ஏற்றும் நொதியை அது முடக்கிவிடுகிறது. வளரும் செல் பிளவுபட முயலும்போது, புதிய சுவர் போட வேண்டிய இடத்தில் சுவர் இல்லாமல் அங்கேயே உடைகிறது. பெனிசிலின் பட்ட செல் உடைவதும் ஏறக்குறைய இப்படித்தான். கியூ-பீட்டா என்னும் ஆர்.என்.ஏ ஃபேஜ், சுவர் தயாரிப்பின் முதல் படியிலுள்ள மர்ஏ நொதியை முடக்குகிறது. ஃபாஸ்ஃபோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி முடக்குவதும் அதே நொதியைத்தான். நாம் இருபதாம் நூற்றாண்டில் கண்டுபிடித்த மருந்துகளின் இலக்குகளை, இந்தச் சின்னஞ்சிறு வைரஸ்கள் தாமாகவே வந்தடைந்திருக்கின்றன.

மிச்சமிருப்பது எம்எஸ்2 என்னும் ஃபேஜ். ஓர் உயிரியல் பொருளின் மரபணுத் தொகுதி முதன்முதலாக முழுமையாகப் படிக்கப்பட்டது இதில்தான். 1976இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் வால்டர் ஃபியர்ஸ் குழு அதன் ஆர்.என்.ஏவின் 3,569 எழுத்துகளையும் வெளியிட்டது. அதில் மூன்று மரபணுக்கள் தெரிந்தன. செல்லை உடைக்கும் நான்காவது மரபணு, இரண்டு மரபணுக்களின் ஓரங்களில் கால் வைத்துக்கொண்டு இருந்ததால் சில ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டது. அதன் புரதத்துக்கு 75 அமினோ அமிலங்கள். அது சுவர் தயாரிப்பைத் தடுப்பதாகத் தெரியவில்லை. ஈ.கோலையின் டிஎன்ஏ-ஜே என்னும் உதவிப் புரதத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் அதன் வேலை தாமதமாகிறது என்பது 2017இல் தெரியவந்தது. அந்த 75 அமினோ அமிலங்கள் செல்லுக்குள் எதைத் தொட்டு அதை உடைக்கின்றன என்று ஆய்வகங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன.